பாய் விரிக்க ஓர் இடம்

வீடு வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் நமக்கெல்லாம் தெரிந்தவைதான். தண்ணீர் போர்வெல்லா, மெட்ரோ வாட்டரா? யுடிஎஸ் எவ்வளவு? வில்லங்கம் ஏதும் உண்டா? மழை வெள்ளத்தில் தெரு மூழ்குமா? வாசல் எந்தத் திசை? பூஜை அறைக்கு இடம் இருக்கிறதா? கார் நிறுத்துமிடம் மூடியதா, திறந்ததா? எல்லாமே நியாயமான கேள்விகள். மேடவாக்கத்தில் தொடங்கி ஓ.எம்.ஆர். நெடுக ஃபிளாட் பார்த்து அலைந்த மாதங்களில் நானும் ஒன்று விடாமல் கேட்டேன். கூடவே இன்னொன்றையும் கேட்டேன். இந்த வீட்டில் உடம்பை அசைக்க இடம் எங்கே?

விற்பனைக்கு வந்த பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி சட்டென்று பிடிபடாது. "ஜிம் கீழ கிளப் ஹவுஸ்லயே இருக்கு மேடம். ட்ரெட்மில், சைக்கிள் எல்லாம் போட்டுத் தர்றோம்" என்பார்கள். "கீழ இல்லப்பா, வீட்டுக்குள்ள கேக்கறேன்" என்றால் வரைபடத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூணாவது பெட்ரூமை ஜிம்மா மாத்திக்கலாம் மேடம். நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க" என்று நல்ல மனத்தோடு வழி சொல்வார்கள். மூன்றாவது படுக்கையறை என் அம்மாவுக்கு. மாற்ற வேறு அறை கிடையாது. பெரும்பாலான குடும்பங்களின் நிலை இதுதான். உடற்பயிற்சிக்குத் தனி அறை ஒதுக்க முடிகிறவர்கள் சிலரே. மற்ற வீடுகளில் எதையாவது விட்டுக்கொடுத்தால்தான் அந்த இடம் பிறக்கும். யார் எதை விட்டுக்கொடுப்பது, யாருடைய உடம்புக்காக என்பது குடும்பத்துக்குள் பேசித் தீர்க்க வேண்டிய காரியம். அந்தப் பேச்சைக் கிரயப் பத்திரத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சுவர் எழும்பி, அலமாரி அடித்து, சோபா வந்து இறங்கிய பிறகு பேசுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

தென்காசிப் பக்கம் இருந்த என் பாட்டி வீட்டை நினைத்துப் பார்க்கிறேன். பின்கட்டில் உரல், திண்ணையை ஒட்டி அம்மி, அடுக்களை மூலையில் ஆட்டுக்கல், கொல்லையில் ராட்டினக் கிணறு. அந்த வீட்டில் தசைக்கு வேலை இல்லாத மூலையே கிடையாது. அந்தக் காலத்துப் பெண்கள் ஜிம்முக்கா போனார்கள், எவ்வளவு திடமாக இருந்தார்கள் என்று இன்று பெருமையாகச் சொல்கிறோம். பாட்டியின் முதுகை நான் பார்த்திருக்கிறேன். ஐம்பது வயதுக்குள் கூனிவிட்ட முதுகு அது. எப்போது நிறுத்தலாம் என்று முடிவு செய்யும் உரிமை வேலை செய்கிறவருக்கு இல்லாதபோது, அந்த உழைப்பு உடம்பைத் தேய்க்கும். உடற்பயிற்சியில் எத்தனை முறை, எவ்வளவு எடை, என்றைக்கு ஓய்வு என்பதைச் செய்கிறவர் தீர்மானிக்கிறார். பாட்டிக்கு அந்தத் தீர்மானம் ஒரு நாளும் வாய்க்கவில்லை.

தனக்காக, தன் விருப்பத்தோடு உடம்பை வளர்த்துக்கொள்ளும் இடமும் ஊரில் இருக்கத்தான் செய்தது. மந்தையில் இளவட்டக்கல் கிடந்தது. தோட்டத்துக் கிணறுகளில் பையன்கள் குதித்து நீந்தினார்கள். நகரங்களில் தேகப்பயிற்சிச் சாலைகள் இருந்தன. மண் தரை, கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி. பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ என்ற பலசாலியின் புகழ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவெங்கும் பரவியது. அவர் பெயரே இங்கே ஒரு பட்டமாகி, பயிற்சியால் உடம்பை ஏற்றியிருந்த சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் கடைசிவரை நின்றது. அழகான மரபுதான். ஆனால் மந்தையும் கிணறும் பயிற்சிச் சாலையும் ஆண்களுக்குரியவையாக இருந்தன. ஆண் வெளியே போய் உடம்பைப் பயிற்றினான். பெண் வீட்டுக்குள் உடம்பைச் செலவழித்தாள். தன் உடம்பின் நன்மை ஒன்றையே கருதி ஒரு பெண் கையைக் காலை நீட்டி மடக்க, நம் வீடுகளில் என்றைக்குமே ஓர் இடம் இருந்ததில்லை. இன்று ஃபிளாட் வரைபடத்தைப் பார்க்கும்போதும் எனக்கு முதலில் கண்ணில் படுவது இந்தப் பழைய குறைதான்.

உரலும் ஆட்டுக்கல்லும் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. மிக்ஸியும் கிரைண்டரும் கேஸ் அடுப்பும் மோட்டாரும் பெண்களின் தோளிலிருந்து இறக்கிவைத்த பாரம் கொஞ்சமல்ல. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியபோது அது குறைந்த வருமானக் குடும்பங்களின் அடுக்களைக்குள்ளும் போனது, நல்ல காரியம். ஆனால் அம்மியும் ஆட்டுக்கல்லும் அடைத்திருந்த இடம் பெண்ணுக்குத் திரும்பி வரவில்லை. ஃபிரிட்ஜ் வந்தது, வாஷிங் மெஷின் வந்தது, மைக்ரோவேவ் வந்தது. மிச்சமான நேரத்தை அலுவலகமும் பிள்ளைகளின் படிப்பும் எடுத்துக்கொண்டன. உழைப்பு குறைந்தது, பயிற்சி வரவில்லை. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவோடு நடந்த ஆய்வொன்று 2014இல் வெளிவந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் போதிய உடலியக்கம் இல்லாமல் இருக்கிறார்கள், நகரங்களில் அது 65 சதவீதம் என்றது. ஆண்களைவிடப் பெண்களிடம் இயக்கம் குறைவு. ஓய்வு நேரத்தில், தன் விருப்பத்துக்காக உடம்பை அசைக்கும் வழக்கமே இல்லாதவர்கள் தமிழ்நாட்டில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல். இந்தக் கடைசி எண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சோம்பல் என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. இத்தனை பேர் ஒரே சமயத்தில் சோம்பேறிகளாக இருக்க மாட்டார்கள். நேரமும் இடமும் பழக்கமும் அவர்களுக்கு அமையவில்லை.

என் அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னால் விளங்கும். இப்போது நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு நடையில் ஒரு பயம் புகுந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண், தொடைத் தசையும் இடுப்புத் தசையும் தளர்ந்திருக்கின்றன, பயிற்சி செய்தால் தேறிவிடும் என்று சொல்லிவிட்டு, "கீழ ஒரு பாய் விரிக்க இடம் இருக்கா மேடம்?" என்று கேட்டார். நான் கூடத்தைப் பார்த்தேன். சோபா, டீபாய், டிவி ஸ்டாண்டு, சாப்பாட்டு மேசை, ஆறு நாற்காலிகள். படுக்கையறையில் கட்டில் போக மிச்சம் ஒரு நடைபாதை. அம்மாவின் அறையில் அதுவும் இல்லை. வாடகை குறைவில்லாத வீடு, நான்கு பேர் வாழும் வீடு, அதில் ஒரு மனுஷி கையைக் காலை நீட்டிப் படுக்கத் தரை இல்லை. கட்டில் மேலேயே செய்யுங்கள் என்று தொடங்கி வைத்தார். மெத்தை அமுங்குகிறது, கால் ஊன்றாது, சமநிலைப் பயிற்சிக்கு அது உதவாது என்பது அவருக்கும் தெரியும்.

அன்று முதல் தரையைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். பிரேசில் நாட்டு மருத்துவர் கிளாடியோ கில் அராவுஜோவும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தொடுகிறது. 51 முதல் 80 வயதுவரை உள்ள சுமார் 2,000 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார்கள். மொத்தம் 10 மதிப்பெண்; கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று குறையும், தள்ளாடினால் அரை குறையும். குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களிடையே அடுத்த சில ஆண்டுகளில் மரணம் கூடுதலாக இருந்தது. தரையில் உட்கார்ந்தால் ஆயுள் நீளும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தரையிலிருந்து எழ முடிவது தசை வலு, சமநிலை, மூட்டுகளின் இணக்கம் மூன்றையும் ஒருசேரக் காட்டிவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் நாம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், தரையில் கூடி உட்கார்ந்து கதை பேசியவர்கள், பாயில் படுத்தவர்கள். ஒரு நாளில் பலமுறை உட்கார்ந்து எழுவது எந்த முயற்சியும் இல்லாமல் நடந்தது. மேசை, நாற்காலி, கட்டில், மேற்கத்தியக் கழிப்பறை என்று உயரமாக உட்காரப் பழகியதில் முதியவர்களுக்கு நிம்மதி உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பழக்கத்தோடு போன வலுவை வேறு வழியில் மீட்டுத்தர வேண்டாமா என்றுதான் கேட்கிறேன். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. மற்ற பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. நடந்தால் போதும் என்று நாம் ஆறுதல்பட்டுக்கொள்கிறோம். தசைப் பயிற்சி நடையில் அடங்காது.

ஆகவே டேப்பை எடுத்துக்கொண்டு வீடு பார்க்கப் போனேன். எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு யோகா பாய் ஆறடி நீளம், இரண்டடி அகலம். படுத்துக் கைகளை இருபக்கமும் நீட்டினால் ஏறக்குறைய நம் உயரத்துக்குச் சமமான அகலம் தேவை. ஆறடிக்கு எட்டடி இருந்தால் ஒருவர் தாராளமாகவும் இருவர் அனுசரித்தும் பயிற்சி செய்யலாம். 48 சதுர அடி. சதுர அடி 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இந்த வெறும் தரையின் விலை 3,84,000 ரூபாய். எட்டரை சதவீத வட்டிக்கு இருபது வருடக் கடனில் வாங்கினால் மாதத் தவணையில் இதன் பங்கு சுமார் 3,300 ரூபாய். இந்தக் கணக்கைப் போட்டதும் என் கணவர், "இதுக்கு ஜிம்முக்கே பணம் கட்டிடலாமே" என்றார். தப்பில்லாத கேள்வி. ஆனால் அதே கணக்கைச் சோபாவுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நாங்கள் போட்டதே இல்லை. காருக்கும் போட்டதில்லை. கார் நிறுத்த ஒதுக்கும் கட்டம் வழக்கமாக இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். 134 சதுர அடி வருகிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒரு வசிப்பறைக்குக் கேட்கும் குறைந்தபட்ச அளவோ 9.5 சதுர மீட்டர், அதாவது 102 சதுர அடி. மனிதர் வசிக்கும் அறைக்கு விதி கேட்கும் அளவைவிட நின்றுகொண்டே இருக்கும் காருக்குக் கிடைக்கும் இடம் பெரிது. இதைச் சொன்ன பிறகு வீட்டில் 48 சதுர அடியைப் பற்றி யாரும் மறுத்துப் பேசவில்லை.

அளவு மட்டும் போதாது. தலைக்கு மேலேயும் பார்க்க வேண்டும். வசிப்பறையின் உயரம் குறைந்தது 2.75 மீட்டர், ஒன்பதடி, என்பது விதி; பல கட்டடங்களில் அதற்குச் சற்று மேலேதான் இருக்கும். மின்விசிறி கீழே இறங்குவதைக் கழித்தால் எட்டடி. ஐந்தேமுக்கால் அடி ஆள் கையைத் தூக்கினாலே ஏழடியைத் தாண்டிவிடுவார். கயிறு சுழற்றிக் குதித்தாலோ டம்பெல்லைத் தலைக்கு மேல் ஏற்றினாலோ விசிறி ஓர் ஆபத்து. பயிற்சித் தரைக்கு நேர் மேலே விசிறிக் கொக்கி வராமல், பக்கச் சுவரில் ஃபேன் பாயிண்ட் வரும்படி முன்கூட்டியே சொல்லிவிட்டால் செலவு ஒன்றும் இல்லை. பின்னால் மாற்றினால் சுவரை வெட்ட வேண்டும்.

பளு தூக்க ஆசை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. போட்டிகளில் ஆண்கள் பயன்படுத்தும் பார்பெல் கம்பியின் நீளம் 2.2 மீட்டர், எடை 20 கிலோ. 2.4 மீட்டர் அகல அறையில் அதை வைத்தால் இருபுறமும் பத்து பத்து சென்டிமீட்டர்தான் மிஞ்சும். தட்டுகளைக் கழற்றி மாட்டக்கூட இடம் இருக்காது. படுக்கையறையை ஜிம் ஆக்கலாம் என்று சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. அடுக்குமாடியில் இன்னொரு கேள்வியும் உண்டு. குடியிருப்பு அறைகளின் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமையைத் தாங்கும்படி வடிவமைக்கப்படுகிறது, ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிர்ணயம் அப்படிச் சொல்கிறது. உடற்பயிற்சிக் கூடங்களுக்கு அது கேட்கும் சுமை இதைவிட மிக அதிகம். 48 சதுர அடியில் பரவி நிற்கும் பாயும் நாலைந்து டம்பெல்லும் மூன்று மனிதர்களும் அந்த வரம்புக்குள் நிம்மதியாக அடங்குவார்கள். எடை அடுக்குகள் கொண்ட மல்ட்டி ஜிம் இயந்திரத்தை நாலு கால் மேல் ஒரே இடத்தில் நிறுத்துவது வேறு கதை. கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது. கீழ்வீட்டுக்காரரையும் நினைக்க வேண்டும். விடியற்காலையில் நம் கையிலிருந்து நழுவும் பத்துக் கிலோ அவர் தலைக்கு மேல் இடியாக இறங்கும். கனமான ரப்பர் விரிப்புக்கு வாங்குகிற அன்றே பணம் ஒதுக்கிவிட வேண்டும்.

சுவர் விஷயமும் அப்படியே. இப்போதைய கட்டடங்களில் பெரும்பாலும் ஏஏசி பிளாக் சுவர். லேசானது, வெயிலைத் தடுப்பது. ஆனால் அதில் ஆணியடித்துத் தொங்கும் கம்பி மாட்டினால், ஆள் எடையோடு கட்டியும் கையோடு வந்துவிடும். கான்கிரீட் தூண் எங்கே வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பிடிமானம் எல்லாம் அங்கேதான். பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் பார்வைக்கு அழகு, வியர்வை பட்டால் வழுக்கும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் இரும்புத் தட்டுகள் சீக்கிரமே துருவேறும். இதையெல்லாம் எந்த விற்பனைக் கையேடும் சொல்லாது.

கிளப் ஹவுஸ் ஜிம்மைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். நல்ல கருவிகளும் காற்றோட்டமும் உள்ளவற்றைப் பார்த்திருக்கிறேன். இளைஞர்களுக்கு, குறிப்பாகக் கூட்டமாகச் செய்தால்தான் உற்சாகம் என்பவர்களுக்கு, அது வரம். விளம்பரத்தில் காட்டிய வசதிகளுக்குக் கட்டுநர் பொறுப்பு; தவறான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்க 2016ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 12ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆகவே கையேட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் கிளப் ஹவுஸ் வந்துவிட்டதாலேயே வீட்டுக்குள் இடம் வேண்டாம் என்று ஆகிவிடாது. நான் பார்த்தவற்றில் பல, எல்லாரும் கடந்துபோகும் இடத்தில் கண்ணாடிச் சுவரோடு இருந்தன. விழுந்து எழுந்த என் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கே போய் ஒற்றைக்காலில் நின்று பழகுவாரா? காலை ஐந்தரைக்கு அடுப்பைப் பற்றவைத்து, ஏழரைக்குள் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டி, எட்டரைக்கு மின்ரயிலைப் பிடிக்கும் பெண்ணுக்கு லிஃப்டில் இறங்கி ஏறும் நேரமே ஒரு தடை. இட்லி வேகும் பத்து நிமிடத்தில் அவள் செய்ய முடிவதை அடுப்பிலிருந்து பத்தடிக்குள் செய்ய முடிய வேண்டும். 2020இல் ஊரடங்கு வந்து மாதக்கணக்கில் ஜிம்களும் பூங்காக்களும் பூட்டிக் கிடந்தபோது, வீட்டுக்குள் இருந்த தரையளவுதான் உடம்புக்குக் கிடைத்தது. அதையும் நான் மறக்கவில்லை.

எதிர்க்கட்சி வாதமும் உண்டு, அது பலமானது. ஒவ்வொருவரும் வீட்டுக்குள் ஒதுங்கிப் பயிற்சி செய்வதைவிட ஊராகச் சேர்ந்து ஒரு திடலை உருவாக்குவது எவ்வளவோ மேல். சென்னையிலேயே அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. திருமங்கலம் ஏசியாட் காலனியில் நீரிழிவு மருத்துவர் வி. மோகனின் குழு ஆய்வு செய்து, விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தியது. அந்தக் காலனிவாசிகள் தங்கள் கைக்காசைப் போட்டுத் தாங்களே ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் தொடக்கத்தில் 14.2 சதவீதம், சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது 58.7 சதவீதம். 2006இல் இதை ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். எந்தத் தனி வீட்டு ட்ரெட்மில்லும் ஒரு காலனியை இப்படி மாற்றியதில்லை. வாசலுக்கு எதிரே மரநிழலில் நடைபாதை இருந்தால், பக்கத்து வீட்டுக்காரி "வரலியா?" என்று கூப்பிட்டால், கால் தானாக நகரும். வீடு பார்க்கும்போது உள்ளே அளப்பதைப் போலவே வெளியிலும் நடந்து பார்க்கச் சொல்வேன். நடைபாதை இருக்கிறதா, காலையில் பெண்கள் நடக்கிறார்களா, தெருநாய்கள் எப்படி, விளக்குகள் எரிகின்றனவா. ஏசியாட் காலனியின் பாடத்தை நான் வீட்டுக்குள்ளும் கொண்டுவருகிறேன். கண்ணில் படும் இடத்தில், மற்றவர்களோடு சேர்ந்து செய்வதுதான் நிலைக்கும். கதவைச் சாத்திக்கொள்ளும் தனி அறையில் வைத்த கருவி மெல்லக் கைவிடப்படுவதை உறவினர் வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதை மறந்துபோக அந்தக் கதவே உதவி செய்கிறது. அதனால் எனக்கு ஜிம் என்ற பெயரில் ஓர் அறை வேண்டியதில்லை. கூடத்தின் ஒரு பகுதி காலியாக இருந்தால் போதும். மகள் கயிறு குதிப்பதை அம்மா பார்க்க வேண்டும், அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவதை மகள் எண்ண வேண்டும்.

காலியாக வைத்திருப்பதுதான் இதில் கடினமான பகுதி. கட்டடக் கணக்கையெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். வெற்றிடத்தைக் காப்பாற்ற வருஷம் முழுக்க விழிப்பு வேண்டும். நம் வீடுகளில் காலி இடம் என்றால் 'இன்னும் ஒன்றும் வாங்கிப் போடவில்லை' என்று அர்த்தம். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் "ஹால்ல சோபா போடலியா?" என்று கேட்பார்கள், அக்கறையோடுதான் கேட்பார்கள். உறவில் யாராவது ஓர் அலமாரியைப் பரிசாகவே அனுப்பிவிடுவார்கள். அதற்கு முன்னால் வீட்டுக்குள் பேச்சு முடிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு சுலபமாக நடக்கவில்லை. மூன்று பேர் உட்காரும் சோபாவை விடுவதற்குக் கணவருக்கு மனமில்லை. வேலை முடிந்து வந்து அவர் சாயும் இடம் அது. அவருக்குச் சுவரோரம் ஒற்றை நாற்காலி, நல்ல சாய்வோடு, என்று முடிவானது. ஆறு நாற்காலிச் சாப்பாட்டு மேசைக்குப் பதில் சுவரில் மடிக்கும் பலகை. மகள் கேட்டுக்கொண்டிருந்த பெரிய டிவி அலகு வேண்டாம், டிவி மட்டும் சுவரில். அவள் ஒரு நிபந்தனை வைத்தாள்: அந்த இடத்தில் துணி மடிக்கவோ காய்கறி நறுக்கவோ யாரும் உட்காரக் கூடாது. நான் ஒப்புக்கொண்டேன். அவள் சொன்னதன் நியாயம் எனக்குப் புரிந்தது. பெண்களின் கையில் வரும் எந்த இடமும் சீக்கிரம் வேலை செய்யும் இடமாகிவிடும்.

கடைசியில் சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஒரு ஃபிளாட் முடிவாகியிருக்கிறது. கூடம் பெரிதொன்றுமில்லை, நீளமாக, தூண் ஒரு மூலையில் துருத்திக்கொண்டிருக்கும் கூடம். அந்தத் தூண் காரணமாகவே அந்த வீடு விலைபோகாமல் இருந்தது போலும். எங்களுக்கு அதுவே வசதியாகிவிட்டது. கட்டுநரிடம் பேசி, கூடத்துக்கும் சாப்பிடும் பகுதிக்கும் நடுவே வரவேண்டிய அரைச் சுவரை ஒப்பந்தத்திலிருந்து எடுக்கச் செய்தோம். அந்தப் பக்கத் தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ், சுவரில் விசிறி, தூணில் கம்பிகள். சைட் இன்ஜினியர் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு உயரத்துல வேணும்னு சொல்லுங்க, பூச்சுக்கு முன்னாடியே போல்ட் எறக்கிடலாம்" என்றார். கணவருக்கு ஏழரை அடியில் ஒன்று, தொங்கி எழுவதற்கு. அம்மாவுக்கு இடுப்பளவில் ஒன்று, பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழ. அம்மா தூணருகே போய் நின்று, கையை வைத்துப் பார்த்து, நான் பென்சிலால் போட்ட கோட்டை இரண்டு அங்குலம் கீழே இறக்கச் சொன்னார். பிறகு இன்ஜினியரைத் திரும்பிப் பார்த்து, "எவர்சில்வர் கம்பியாப் போடுங்க தம்பி. இங்க உப்புக் காத்து, இரும்பு நிக்காது" என்றார்.